அமைதிப் பலகைக்குக் கீழே ஒரு பூனை

தீர்த்தகிரி அந்தத் தொடக்கப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. ஐந்தாம் வகுப்போடு முடிகிற பள்ளி அது. அதனால் பிள்ளைகள் அவருக்கு ஆறாம் வகுப்புத் தாத்தா என்று பெயர் வைத்தார்கள்.

ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். பள்ளியில் தமிழில் படிக்கும் பிள்ளைகளும் உண்டு, தெலுங்கில் படிக்கும் பிள்ளைகளும் உண்டு. தலைமையாசிரியை மாதேஸ்வரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தீர்த்தகிரி முதல் நாள் அவர் முன்னால் கைகட்டி நின்றார்.

"டீச்சர், டவுன் நூலகத்துல முப்பது வருஷம் வேலை பார்த்தேன். நான் இருந்தவரைக்கும் அங்க குண்டூசி விழுந்தாலும் கேக்கும். ஆனா பெரியவங்களுக்கு நூலகம் நடத்தத்தான் எனக்குத் தெரியும். பிள்ளைங்களுக்குத் தெரியாது. கத்துக் கொடுங்க. சம்பளம் வேண்டாம்."

"எதுக்கு இந்த வயசுல?"

"வீட்டுக்காரி போய்ட்டா. ஒண்டியா சுவரைப் பார்த்துக்கிட்டு உக்கார முடியலை."

"நான் சொன்னா கேப்பீங்களா?"

"கேப்பேன்."

மாதேஸ்வரி, பூட்டிக் கிடந்த கடைசி அறையின் சாவியைக் கொடுத்தார்.

ஒரு வாரத்தில் அந்த அறை நூலகமாகிவிட்டது. கிழிந்த புத்தகங்களைத் தீர்த்தகிரி மைதாப் பசையால் ஒட்டினார். தமிழுக்கு ஓர் அலமாரி, தெலுங்குக்கு ஓர் அலமாரி. ஓய்வு பெற்ற அன்று டவுன் நூலகத்தில் கேட்டு வாங்கி வந்த பலகையை நடுச்சுவரில் மாட்டினார். கறுப்பில் வெள்ளை எழுத்து: அமைதி காக்கவும். அதன் கீழே ஓர் அட்டையில் தன் கையால் எழுதினார். வரியில் விரல் வைக்கக் கூடாது. உதடு அசைத்துப் படிக்கக் கூடாது. தரையில் படுக்கக் கூடாது.

முதல் நாள் முப்பது பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அவர் உதட்டில் விரலை வைத்து வைத்து எடுத்தார். தெலுங்கு அலமாரிக்கு அடியில் மூன்றாம் வகுப்பு நாகவேணி குப்புறப் படுத்துக்கொண்டு தொண்டை கிழியப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்ஸ்!"

அவள் நிமிர்ந்தாள். அவர் பலகையைக் காட்டினார். அவள் பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், புத்தகத்தை இருந்த இடத்தில் செருகிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் நான்கு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் யாரும் வரவில்லை.

தீர்த்தகிரி பெஞ்சை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார். பிறகு பழைய இடத்துக்கே இழுத்தார். படப் புத்தகங்களைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினார், மேலே ஏற்றினார், மறுபடி இறக்கினார். இடைவேளை மணி அடித்தால் வாசலுக்கு ஓடி, பேருந்துக்குக் காத்திருப்பவரைப் போல மைதானத்தை எட்டி எட்டிப் பார்த்தார். இரவல் நோட்டில் ஒன்பது நாட்களாகத் தேதி மட்டுமே இருந்தது.

செவ்வாய்க்கிழமை கல்வி அதிகாரி வந்தார். காலி அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"சத்துணவு ரூம் ஒழுகுது டீச்சர். அரிசி மூட்டையை இங்க மாத்திடலாமே? இங்கதான் ஒருத்தரும் வர்றதில்லையே."

அதிகாரி வாசல் பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கிழமை வர்றேன். அப்பவும் இப்படியே கிடந்தா, மூட்டையைக் கொண்டு வந்து போட்டுருங்க."

அவர் போனதும் தீர்த்தகிரி மாதேஸ்வரியின் பின்னாலேயே போனார். மாதேஸ்வரி சாப்பாட்டு வரிசையில் முட்டை வைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், என்ன செஞ்சா பிள்ளைங்க வருவாங்க?"

"நீங்க என்ன புத்தகம் எடுத்தீங்க?"

"நானா?"

"இங்க சேர்ந்தவங்க வாரம் ஒரு புத்தகம் எடுக்கணும். நோட்டுல உங்க பேரையே காணோமே."

அவர் ஓடிப் போய்த் தமிழில் தடிமனாக ஒன்றை எடுத்து வந்தார்.

"இது வேண்டாம். அந்தப் பக்கத்து அலமாரி."

"தெலுங்கு எனக்குப் படிக்கத் தெரியாதே."

"சந்தையில கத்தரிக்காய்க்குச் சண்டை போட்டீங்களே, அது எந்த பாஷை?"

"பேசறது வேற டீச்சர். நாப்பது வருஷமா பேசறேன். எழுத்து தெரியாது."

"எங்க ஒண்ணாம் வகுப்பும் அப்படித்தான் வருது." மாதேஸ்வரி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "நாகவேணி, இங்க வா. தாத்தாவுக்கு எழுத்து சொல்லிக் கொடு. வெள்ளிக்கிழமை ஒரு பக்கம் படிச்சுக் காட்டணும்."

"இவரா? இவரு ஸ்ஸ்ஸும்பாரு டீச்சர்."

"டீச்சர், வெள்ளிக்கிழமை அதிகாரி வர்றாரு. இதுக்கா இப்ப நேரம்?" என்றார் தீர்த்தகிரி.

"கேப்பேன்னு சொன்னீங்க."

தீர்த்தகிரி தடிப் புத்தகத்தை வைத்துவிட்டு, தெலுங்கு அலமாரியிலிருந்து ஒரு படப் புத்தகத்தை எடுத்து வந்தார்.

நாகவேணி நூலகத்துக்குள் வர மறுத்தாள். அதனால் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் பாடம் நடந்தது. அவள் சிலேட்டில் எழுத, அவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"இது என்ன, மேல சுழிச்சிருக்கு?"

"அது இருந்தா 'இ' சத்தம் வரும். நேத்தே சொன்னேன்."

"கீழ ஒண்ணு தொங்குதே?"

"அதையும் சேத்துப் படிக்கணும். இதுகூடத் தெரியலையா? எங்க தம்பிக்கே தெரியும்."

"உங்க தம்பி என்ன வகுப்பு?"

"இன்னும் சேரலை."

புதனும் வியாழனும் போயின. அவர் குழாயடியில் எழுத்துகளை முணுமுணுத்தார். நடுவில் எழுந்து போய்க் காலி அறையை ஒரு முறை பார்த்துவிட்டு வந்தார். "உக்காருங்க தாத்தா, ஓடிக்கிட்டே இருந்தா எப்படி வரும்?" என்று நாகவேணி அதட்டினாள்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது இடைவேளையில் தூறல் பிடித்துக்கொண்டது. தொட்டியடியில் உட்கார முடியவில்லை. தீர்த்தகிரி புத்தகத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நூலகத்துக்குள் ஓடினார். நாகவேணி வாசலிலேயே நின்றாள். கண் பலகையின் மேல் இருந்தது.

அவர் பெஞ்சில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தார். மனசுக்குள் படித்துப் பார்த்தார். எழுத்துகள் நின்ற இடத்திலேயே நின்றன. வரி நழுவியது. விரலை வைத்துக்கொண்டார். வரி நின்றது, வார்த்தை வரவில்லை. உதட்டை அசைத்துப் பார்த்தார். அப்போதும் பாதிதான் வந்தது.

"பி..." என்றார், வாய்விட்டு.

"ம். அப்புறம்?" வாசலிலிருந்து குரல் வந்தது.

"ல்... லி."

"சேத்துச் சொல்லுங்க."

"பி... ல்லி. பில்லி." அவர் துள்ளி எழுந்தார். பெஞ்சு பின்னால் சாய்ந்து தடாலென்று விழுந்தது. "பில்லி! பூனை! நாகவேணி, இங்க பூனை எழுதியிருக்கு!"

நாகவேணி உள்ளே ஓடி வந்துவிட்டாள். "அடுத்தது? அடுத்தது படிங்க!"

"பா... லு. பாலு! பால்தானே?"

தூறலுக்கு ஒதுங்கி நின்ற பிள்ளைகள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"டேய், ஆறாம் வகுப்பு படிக்குதுடா!"

முதலில் தெலுங்குப் பிள்ளைகள் நுழைந்தார்கள், அவர் பிழையைத் திருத்த. பூனை என்ன செய்தது என்று கேட்கத் தமிழ்ப் பிள்ளைகள் நுழைந்தார்கள். இரண்டு பேர் தரையில் படுத்துக்கொண்டு கீழிருந்து படம் பார்த்தார்கள். ஒருத்தி தமிழ் அலமாரியிலிருந்து தனக்கு ஒன்றை இழுத்து, பக்கத்தில் இருந்தவளுக்கு எழுத்துக் கூட்டிக் காட்டினாள். வேர்த்து வழிய, நான்கு வரி முடித்து, தீர்த்தகிரி பக்கத்தைத் திருப்பித் தலை நிமிர்ந்தார்.

வாசலில் கல்வி அதிகாரி நின்றிருந்தார். கையில் மடக்கிய குடை. உள்ளே கால் வைக்க இடமில்லை. பக்கத்தில் மாதேஸ்வரி.

அதிகாரி பிள்ளைகளின் தலைக்கு மேலாகப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்த்தகிரியும் திரும்பிப் பார்த்தார். பிறகு, வரியின் மேல் இருந்த தன் விரலைப் பார்த்தார். சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார்.

அவர் நிறுத்தியதும் பிள்ளைகளும் நிறுத்தினார்கள். குண்டூசி விழுந்தால் கேட்டிருக்கும்.

"டீச்சர்... நான் வந்து..."

"ஏன் ஐயா நிறுத்திட்டீங்க?" என்றார் மாதேஸ்வரி. "இன்னும் கொஞ்சம் சத்தமா படிங்க. வாசல்ல நிக்கிற சாருக்குக் கேக்கலை."