நூற்றுக்கு ஒன்று குறைவு

இந்தக் கதையில் சீடருக்கு வயது அறுபத்து மூன்று. குருவுக்கு முப்பத்தாறு. என்ன செய்ய, சில ஊர்களில் அப்படி அமைந்துவிடுகிறது.

சீடர் வேதமாணிக்கம் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உப்பளங்களுக்கு நடுவே இருந்த கிறிஸ்தவப் பள்ளிக்குப் புதிதாகத் தாளாளர் ஆகியிருந்தார். பள்ளிக்கூடம் என்றால் என்ன என்பதைத் தலைமையாசிரியை ஜெசிந்தாவிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

"நம்ம பள்ளியோட நோக்கம் என்ன டீச்சர்? நூற்றாண்டு விழா போர்டுல எழுதணும். ஒரே வரியில சொல்லுங்க."

ஒரு மாதமாக இதே கேள்வி.

"ரிசல்ட் வரட்டும் சார், சொல்லுதேன்."

ரிசல்ட் வந்தது. பத்தாம் வகுப்பில் தேர்வு எழுதியவர்கள் சரியாக நூறு பேர். அலுவலகச் சுவரில், நூறு ஆடுகளில் தொலைந்துபோன ஒன்றைத் தேடிப் பிடித்துத் தோளில் சுமந்துவரும் மேய்ப்பர் படத்துக்குக் கீழே நின்று, தாளாளர் செல்போனில் ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். பாஸ். பாஸ். பாஸ். வெளியே பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம்.

கடைசிப் பெயரில் முகம் விழுந்துவிட்டது.

"பேச்சியம்மா. கணக்குல முப்பத்தொண்ணு. ஃபெயில். ஜனவரியிலயே சொன்னேன், அந்தப் பிள்ளைக்கு டிசி குடுத்து அனுப்பிரலாம்னு. கேட்டீங்களா? நூத்துக்கு நூறு போச்சு!"

ஜெசிந்தா போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"முப்பத்தொண்ணா? நல்லாப் பாத்தீங்களா சார், முப்பத்தொண்ணா?"

மேசையில் இருந்த லட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "ஏறுங்க வண்டியில!"

"அது வெளிய நிக்கிற பிள்ளைங்களுக்கு வாங்கினதுல்லா?"

"தொண்ணூத்தொம்பது பேருக்கும் பாஸ்னு தெரிஞ்சு போச்சு. அவங்க பாட்டுக்கு ஆடிக்கிட்டு இருப்பாங்க. ஏறுங்க சார்!"

ஸ்கூட்டர் மண்பாதையில் பறந்தது. தாளாளர் பின்னால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பேச்சியம்மா உப்பளத்தில் கூடையோடு நின்றாள். ரிசல்ட்டை யாரோ சொல்லியிருக்கிறார்கள். தலைமையாசிரியை பக்கம் திரும்பவே இல்லை. நேராகத் தாளாளரைப் பார்த்தாள்.

"டிசி குடுக்கவா சார் வந்தீங்க?"

வேதமாணிக்கத்துக்கு வெட்கமாகப் போயிற்று. இந்தப் பிள்ளைக்கு அது தெரிந்திருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"வாயத் திற," என்றார் ஜெசிந்தா. முதல் லட்டு அவள் வாய்க்குள் போனது. "அரையாண்டுல கணக்குல எவ்வளவு?"

"ஒம்பது டீச்சர்."

"இப்ப?"

"முப்பத்தொண்ணு."

"எவ்வளவு ஏறியிருக்கு?"

உப்பு ஒட்டிய விரல்களை மடக்கி எண்ணினாள். "இருபத்திரண்டு."

"இருபத்திரண்டு! இந்த வருசம் இவ்வளவு ஏறின பிள்ளை நம்ம ஸ்கூல்ல வேற யாருடி இருக்கா? சொல்லு!"

ஜெசிந்தா போட்ட சத்தத்தில் உப்பளமே திரும்பிப் பார்த்தது. பேச்சியம்மா சிரித்தாள், அழுதாள், லட்டையும் விடவில்லை.

"அப்பா இனிமே இங்கதான் வேலைன்னுட்டாரு டீச்சர்."

"அப்பாகிட்ட நான் பேசுதேன். ஜூலையில மறுபடி பரீட்சை. நாலே மார்க்குதான் வேணும். கணக்கு இந்த சார் சொல்லித் தருவாரு."

"நானா?" என்றார் தாளாளர்.

பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வருவியா தாயி?"

"ஆறுக்கே வாரேன் சார்."

திரும்பி வந்து பள்ளி வாசலில் இறங்கியதும் தாளாளர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப போர்டுல என்ன எழுத?"

"தொண்ணூத்தொம்பதுன்னே எழுதுங்க சார்," என்றார் ஜெசிந்தா. "மிச்சம் ஒண்ணைத் தேடிப் போயிருக்கோம்னு கீழ எழுதுங்க."