நேரத்துக்கு முன்பே பசித்த ராஜா

ஒரு காலத்தில் செங்குளம் சீமையைக் கெம்பீரராஜா என்றொரு ராஜா ஆண்டுவந்தார். இப்படித்தான் ஆரம்பிப்பார் பிச்சைக்கண்ணு அண்ணாச்சி. வாய்க்காலில் மடை திறந்து மூடும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்ன இந்தக் கதையைப் பல வருஷமாக நான் முழுசாக நம்பியதில்லை. ராஜாவும் மந்திரியும் சரிதான். நடுவில் ஒரு இடம் மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது. முதலில் கதை.

கெம்பீரராஜா நல்லவர். பளபளப்பைக் கண்டால் மட்டும் புத்தி நழுவிவிடும்.

அந்தச் சீமைக்கு நேரம் சொன்னது ஒரு செப்பு வட்டில். அடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டால், துளை வழியே நீர் ஏறி நிறைந்து மூழ்கும். ஒரு தடவை மூழ்கினால் ஒரு நாழிகை. உடனே சேகண்டி அடிப்பார்கள். விடிந்து பொழுது சாய்வதற்குள் முப்பது நாழிகை. பெரிய வாய்க்காலில் பத்து வயல். வயலுக்கு மூன்று நாழிகைத் தண்ணீர். பொழுது சாய்ந்ததும் மதகை அடைத்துவிடுவார்கள்.

நேரத்துக்காக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களை அடக்க, மந்திரி குழைக்காதர் ஒரு சட்டம் எழுதினார்: வட்டில் சொல்வதே நேரம், மறுத்துப் பேசுகிறவர் தண்ணீர் முறையை இழப்பார். தான் எழுதியவற்றில் இதுதான் அழகு என்று அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மந்திரியைக் கண்டாலே ஆகாதவர் வட்டில் அதிகாரி அழகப்பிரான். ராஜாவிடம் பேர் வாங்குவதற்காக வட்டிலின் உள்ளும் புறமும் பொன் பூசினார். ராஜா சொக்கிப்போய், கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து முதல் வயலில் தண்ணீர் நின்று நிதானமாகப் பாய்ந்தது. வரப்பு தளும்பும், வாழைக்கும் விட்டு, எருமையையும் குளிப்பாட்டலாம், தவளைகள் மேட்டில் ஏறி உட்கார்ந்து கத்தும். இந்த இடத்தை அண்ணாச்சி ரசித்து ரசித்துச் சொல்வார். பத்தாவது வயல்காரி மாடத்திக்கு முறை வரும்போதோ பொழுது சாய்ந்திருக்கும். பொறுத்துப் பார்த்தாள். இருபதாம் நாள் பயிர் தண்ணீரில்லாமல் மஞ்சளிக்கக் கண்டதும், வட்டில் தப்பாக ஓடுகிறது என்று மதகடியில் சொல்லிவிட்டாள். அழகப்பிரானின் ஆட்கள் அவளைக் கையோடு கூட்டிப்போனார்கள். மறுநாள் உச்சிச் சேகண்டி அடித்ததும் தீர்ப்பு. முறை போனால் வயல் போன மாதிரிதான்.

குழைக்காதர் அன்று மத்தியானம் அரண்மனை முற்றத்துக் கல்தூண் அருகில் போய் நின்றார். உச்சிப்பொழுதில் தூணின் நிழல் தரையில் வெட்டியிருக்கும் கோட்டில் விழவேண்டும். நிழல் கோட்டைத் தாண்டி வெகுநேரம் கழித்துத்தான் சேகண்டி கேட்டது. அவருக்கு விஷயம் புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது: வாயைத் திறந்து வட்டில் தப்பு என்றால், அவர் எழுதிய சட்டம் அவரையே பிடிக்கும்.

மறுநாள் சபை முற்றத்திலேயே கூடியது. மாடத்தி கைகட்டி நின்றாள்.

"நான் வட்டிலக் கொறை சொல்லணும்னு சொல்லல மகாராசா. எனக்குத் தண்ணி வரல. அதத்தான் சொன்னேன்."

"தங்கத்துக்கே நொட்டை சொல்கிறாள் பார்த்தீர்களா" என்றார் அழகப்பிரான்.

நிழல் கோட்டில் வந்து விழுந்தது. சேகண்டி அடிக்கவில்லை. குழைக்காதர் எழுந்து, இதே குற்றத்துக்கு இன்னும் இரண்டு பேர் இருப்பதாகவும், மூவரையும் சேர்த்து விசாரிக்க வேண்டும் என்றும் பணிந்து கேட்டுக்கொண்டார்.

"யார் அவர்கள்?" என்றார் ராஜா.

"முதல் ஆள் சூரியன், மகாராஜா. வட்டில் அனுமதி கொடுப்பதற்கு முன்பே உச்சிக்கு வந்துவிட்டார். அதோ, கோட்டைத் தாண்டுகிறார்."

சபை சிரித்தது. அழகப்பிரான் மட்டும் சிரிக்காமல், தூண் சாய்ந்திருக்கும் என்றார். இரண்டாம் ஆள் யார் என்று ராஜா கேட்டார். அபயம் தந்தால்தான் சொல்வேன் என்றார் மந்திரி. ராஜா கையை உயர்த்தி அபயம் தந்தார்.

"மகாராஜாவின் வயிறு. இருபது நாளாக உச்சிக்கு முன்பே பசிக்கிறதென்று வைத்தியர் கஷாயம் கொடுக்கிறார். கஷாயத்துக்கும் அடங்காமல் வட்டிலை மறுத்துக்கொண்டே இருக்கிறது."

சபை மூச்சுக் காட்டவில்லை. அந்த அமைதியில் ராஜாவின் வயிறு கடமுடவென்று ஒரு சத்தம் போட்டது. சேகண்டியை இன்னும் காணோம்.

"தண்ணீருக்குக் காத்திருக்கிற பயிரைவிட நான் என்ன பெரிசு" என்று முணுமுணுத்த ராஜா, வட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். துளை சுத்தம் செய்வதற்கென்றே அதனுடன் ஒரு வெள்ளி ஊசி உண்டு. அவரே எடுத்து நுழைத்துப் பார்த்தார். முனை மட்டும் போயிற்று. பூசிய பொன் துளையிலும் ஒட்டி அடைத்திருந்தது. தண்ணீர் மெதுவாக ஏற, நாழிகை ஒவ்வொன்றும் நீண்டு, கடைசி வயலின் பங்கு முழுசாகப் போயிருந்தது.

ராஜா முத்துமாலையைத் திருப்பி வாங்கி மந்திரியிடம் நீட்டினார். குழைக்காதர் தொடவில்லை. துளையை அடைத்தது பொன்னென்றால், மாடத்தியின் வாயை அடைத்தது தன் சட்டம் என்று ஒப்புக்கொண்டு, அதை அடித்து வேறு எழுத அனுமதி கேட்டார். புதுச் சட்டம் இது: தினமும் உச்சியில் வட்டில் அதிகாரி தூணடியில் நின்று ஊசியையும் நிழலையும் காட்ட வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். அழகப்பிரான் வெயிலில் நின்றார். முதல் நாள் கேட்க வந்தவள் மாடத்தி. அந்தப் போகம் முடியும்வரை முதல் தண்ணீர் அவளுக்கு. பயிர் பிழைத்தது. ராஜாவும் நேரத்துக்குச் சாப்பிட்டார்.

கதை இவ்வளவுதான். என்னை இடித்த இடம் அந்த இருபது நாள். கூடுதலாகத் தண்ணீர் பாய்ந்த மற்ற ஒன்பது பேருக்குமா ஒன்றும் தெரியவில்லை? போன மாதம் அண்ணாச்சி கதையில் மறுபடியும் அந்த வரப்புத் தவளைகளிடம் வந்து, எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"அண்ணாச்சி, உங்க வயல் எத்தனாவது மடை?"