கல் சுமக்கச் சொன்ன ஓலை

ராஜா வாயைத் திறந்தால் அது ஓலையாகிவிடும் என்றிருந்த முன்னொரு காலத்தில், ஒரு நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அரண்மனை ஓலையை வாங்குகிற வேலையாளுக்கு மணிக்கட்டில் காப்புக்கயிறு கட்டுவார்கள். ஓலையில் சொன்ன வேலை முடிந்தால்தான் கயிற்றை அறுக்கலாம். அதுவரை அவன் வீட்டுப் பக்கம் தலைகாட்டக்கூடாது.

அந்தச் சபையில் மூக்கன் என்று ஒரு விகடன். கல் சுமக்கிற குடும்பத்துப் பிள்ளை. சும்மாடு தேய்த்த வழுக்கை உச்சந்தலையில் இன்னும் இருந்தது. அவனுடைய அண்ணன் சுடலை மூன்று வருஷமாக மொட்டைப்பாறைக் கிணற்றில் கிடந்தான். 'தண்ணீர் வரும்வரை தோண்டு' என்று ஓலை. பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். இரண்டு பேரைப் பிணமாகத்தான் மேலே தூக்கினார்கள். காப்போடுதான் புதைத்தார்கள்.

ஒருநாள் ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. எந்த ஓலையின் வேலை ஒருநாள் முடியும், எது முடியாமலே நீளும் என்று தொடங்கும் முன்பே தெரியவேண்டுமாம். தலைமை எழுத்தர் ஆனந்தராயர் எழுந்தார். விகடனுக்கு ராஜா பக்கத்தில் இடம் கிடைத்ததிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல். தன்னிடம் ஒரு சூத்திரம் உண்டென்றும், எந்த ஓலையானாலும் படித்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம் என்றும் பெருமையடித்தார்.

'இந்த மூட்டை நெல்லை எண்ணு' என்ற ஓலையைக் காட்டினார்கள். முடியும் என்றார். 'கோயில் விளக்கு என்றும் அணையாமல் எண்ணெய் ஊற்று' என்பதைக் காட்டினார்கள். முடியாது என்றார். ராஜா பூரித்துப்போனார். அடுத்து கிணற்று ஓலை வந்தது. ராயர் மூக்கனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முடியும். தோண்டட்டும்" என்றார்.

மூக்கன் யோசித்தான். பாறைக்குள் என்ன இருக்கிறதென்று தோண்டுகிறவனுக்கே தெரியாது. பட்டுத் துணியில் உட்கார்ந்திருக்கும் இவருக்கு எப்படித் தெரியும்? இந்த ஒரு வார்த்தையால் அண்ணனும் பிணமாகத்தான் வருவான்.

எழுந்து கும்பிட்டான். "ஐயா எந்த ஓலைக்கும் சொல்லிவிடுவாரா, மகாராஜா?"

"எந்த ஓலைக்கும்" என்றார் ராயர். "ஒன்றில் தவறினாலும் என் தீர்ப்பையெல்லாம் கிழித்துப்போடலாம். தவறாவிட்டால் விகடனும் கிணற்றில் இறங்கட்டும். அண்ணனுக்குப் பேச்சுத் துணையாக இருக்கும்."

சபை சிரித்தது. ராஜா சம்மதித்தார்.

மறுநாள் மூக்கன் தலையில் சும்மாடும் கருங்கல்லுமாக வந்தான். மணிக்கட்டில் காப்பு. ராஜாவிடம் முத்திரை வாங்கிய ஓலையை நீட்டினான். ராயரே உரக்கப் படித்தார்.

"கல் சுமப்பவன் இந்த ஓலையைத் தலைமை எழுத்தரிடம் காட்டி, இது முடியுமா என்று கேட்கவேண்டும். முடியும் என்று அவர் சொன்னால், கல்லை இறக்காமல் என்றென்றும் நடந்துகொண்டே இருக்கவேண்டும். முடியாது என்று சொன்னால், அப்போதே இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும்."

ராயர் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ராஜா பதில் கேட்டார்.

"முடியும்" என்றார் ராயர்.

மூக்கன் நடக்கத் தொடங்கினான். சபையை ஒரு சுற்று, இரண்டு சுற்று. கழுத்து நரம்பு புடைத்தது. "ஐயா முடியும் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் மகாராஜா, இது முடியாது" என்று மூச்சுக்கு நடுவே சொன்னான்.

மூன்றாம் சுற்றில் ராயர் பதறி, தன் சொல்லை மாற்றிக்கொள்வதாகவும், முடியாது என்பதே தீர்ப்பு என்றும் சொன்னார். மூக்கன் அவர் காலடியில் கல்லைப் போட்டான். தரை அதிர்ந்தது.

"முடிந்துவிட்டது" என்றான்.

இந்த ஓலை செல்லாது, இதற்குப் பதிலே சொல்லமாட்டேன் என்றார் ராயர். எந்த ஓலைக்கும் சொல்வதாகத்தானே வாக்கு என்று மூக்கன் கேட்டான். தீர்ப்பையெல்லாம் கிழித்துப்போடலாம் என்று ராயரே ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மூக்கன் தோளில் வழிந்த வியர்வையைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். மூக்கன் வாங்கவில்லை.

"இனி ஒவ்வொரு ஓலையிலும் ஒரு வரி சேருங்கள், மகாராஜா. இத்தனை நாள் என்று. அது கழிந்தால், வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் ஏறி வா என்று எழுதுங்கள். கிணற்றுக்கு அந்த நாள் போய் ரொம்ப காலமாகிறது."

ராஜா தலையாட்டி, காப்புகளை அறுக்கச் சொல்லி, இடுப்பிலிருந்த குறுவாளை உருவி அவன் கையில் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் பத்துப் பேர் கிணற்றிலிருந்து ஏறி வந்தார்கள். கடைசியாக வந்த சுடலை வெளிச்சம் பொறுக்காமல் கண்ணைச் சுருக்கினான். காப்பு தோலோடு ஒட்டிப்போயிருந்தது. மூக்கன் மெதுவாக அறுத்தான்.

"முடிஞ்சிருச்சாடா?"

"முடியலண்ணே. நிறுத்தியாச்சு."