வண்டிக்காரர் டாராவின் கடிதக் கட்டு

இந்தக் கதை எனக்கு இரண்டு வாய் மாறி வந்தது. டப்ளினில் செவிலியராக இருக்கும் என் தோழி மணிமொழி, அவள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் சொன்னதாகச் சொன்னாள். கேட்டபடியே எழுதுகிறேன்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் டாரா என்றொரு வண்டிக்காரர் இருந்தார். வயல்களுக்கு உரமாகும் கடற்பாசியை ஏற்றிச் செல்வது அவர் தொழில். அன்று அங்கே ஆங்கிலேயர் ஆட்சி. வண்டியில் உரிமையாளர் பெயரை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். மங்கிவந்த ஐரிஷ் மொழியை மீட்க ஊர் ஊராக ஆட்கள் கிளம்பியிருந்த காலம் அது. டாரா தம் பெயரை ஐரிஷில் எழுத வைத்தார். வழக்கு வந்தது. பெயரை அழிக்க மாட்டேன் என்று நின்றார்.

பின்னாளில் நெல் என்ற அவர் மகள் நகரத்துக்கு வேலைக்குப் போனாள். அவளுக்கு அப்பாவிடமிருந்து ஐரிஷிலேயே கடிதங்கள் வந்தன. எல்லாம் அச்சுப் போன்ற அழகான எழுத்து. ஒவ்வொன்றின் அடியிலும் டாராவின் பெயர், பக்கத்தில் கோணலாக ஒரு பெருக்கல் குறி.

நெல் சாகும்போது தன் மூன்று பிள்ளைகளிடம் வாக்கு வாங்கினாள். "இந்தக் கடிதக் கட்டைப் பிரிச்சுப் பங்கு போடாதீங்க. எங்க அப்பாவோட மொழி உங்கள்ல யார்கிட்ட இருக்கோ, அவங்ககிட்ட இருக்கட்டும்."

மூத்தவள் ஊனா, தாத்தா டாராவின் ஊரிலேயே வளர்ந்தவள். பிறந்ததிலிருந்து ஐரிஷ்தான் பேசினாள். ஆனால் அதை எழுதப் படிக்கத் தெரியாது. ஃபின்டன் சின்ன வயதிலேயே டப்ளின் போய், மாலை வகுப்பில் ஐரிஷ் கற்று, அந்த மொழிப் பள்ளியில் ஆசிரியரானவன். கடைசித் தங்கை சோர்க்காவுக்கு வணக்கம் சொல்லும் அளவுக்குத்தான் ஐரிஷ் வரும். ஆனால் கூரை ஒழுகிக் கட்டு நனைந்தபோது ஒவ்வொரு தாளாகக் காயவைத்துக் காப்பாற்றியது அவள்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"படிக்கத் தெரியாதவகிட்ட கொடுத்தா அது வெறும் காகிதம்தானே அக்கா?" என்றான் ஃபின்டன்.

"நீ பேசுற ஐரிஷ் ரேடியோ செய்தி மாதிரி இருக்கு. உன்கூட சண்டை போடணும்னாகூட ஆங்கிலத்துலதான் போட வேண்டியிருக்கு" என்றாள் ஊனா.

"கூரை ஒழுகினப்போ ரெண்டு பேரும் எங்க இருந்தீங்க?" என்றாள் சோர்க்கா.

ஃபின்டன் ஒரு கடிதத்தை எடுத்து உரக்கப் படித்தான். மூன்றாம் வரியில் நின்றுவிட்டான். "இந்தச் சொல் அகராதியிலேயே இல்லை."

ஊனா சிரித்தாள். "ஈரப் பாசி ஏத்துன வண்டி மேடு ஏறும்போது சக்கரம் முனகுமே, அந்தச் சத்தம்டா."

அடுத்த தாள் எது என்று அவனுக்குத் தெரியவில்லை. பக்க எண் இல்லை. தண்ணீர்க் கறையின் அளவைப் பார்த்து சோர்க்கா எடுத்துக் கொடுத்தாள்.

கட்டு ஒன்று, பிரிக்கக் கூடாது. நெல்லுக்குக் கொடுத்த வாக்குப்படி அது யாரைச் சேர வேண்டும்?

விடை: ஊனாவை. எங்கள் வீட்டில் முதலில் கையெழுத்துப் போட்டது நான். அதனால் அந்தக் கோணல் குறி எனக்கு உடனே புரிந்தது; அது கைநாட்டுக்குப் பதிலாகப் போடும் குறி. டாராவுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல, அழகாக எழுதியது வேறொருவர். நெல் கேட்டது அப்பாவின் மொழியை. அது டாராவிடம் இருந்ததுபோலவே, எழுத்தில்லாமல், ஊனாவிடம் இருந்தது. சோர்க்காவுக்கு இது நியாயமா என்று எனக்கும் உறுத்தியது. ஊனாவுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். கட்டை வாங்கி, சோர்க்காவின் அலமாரியிலேயே வைத்தாளாம். ஆண்டுக்கொரு முறை ஃபின்டன் வந்து படிக்க வேண்டும் என்பது அவள் நிபந்தனை.

டாராவின் குடும்பத்தை என்னால் சரிபார்க்க முடியவில்லை. சட்டத்தை மட்டும் தேடிப் பார்த்தேன். வண்டியில் ஐரிஷில் பெயர் எழுதியதற்காக ஒரு வழக்கு, 1905-இல் டப்ளின் உயர் நீதிமன்றம் வரை உண்மையிலேயே போயிருக்கிறது.