மூன்றாவது கறை

"சொட்டு சிந்தாம எஞ்சின் ஆயில் மாத்துறது எப்படி, தாயி?" என்று கேட்டார் கொம்பையா.

ஜெசிந்தா ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தாள். பாளையங்கோட்டையில் சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவள். வயது முப்பது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வேலை பார்ப்பாள். மாலையிலும் அது வெள்ளையாகவே வீட்டுக்குப் போகும்.

கொம்பையாவுக்கு ஐம்பது. பட்டறைக்கு எதிரே டீக்கடை. போன வருடம் ஒரு பழைய கார் வாங்கினார். அதற்குத் தன் கையாலேயே ஆயில் மாற்ற வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம்.

முதல் தடவை, வாடகை வீட்டு முன்வாசலின் வெள்ளை டைல்ஸில் ஊத்தப்பம் அளவுக்குக் கறை விழுந்தது.

இரண்டாம் தடவை விழுந்தது பேப்பர் ரோஸ்ட் அளவு.

மூன்றாவது கறை விழுந்தால் வண்டியும் வேண்டாம், நீங்களும் வேண்டாம் என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். தெருவில் வைத்துச் செய்யலாம் என்றால், அது சரிவான தெரு. ஜாக்கி நிற்காது.

"வண்டிய இங்க கொண்டாங்க அண்ணாச்சி. அரை மணி நேரம்."

"என் டீய நீ ஆத்துதேன்னா நான் விடுவேனா?"

அது நியாயமாகப் பட்டது ஜெசிந்தாவுக்கு. லாரிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"ஆயில் பிடிக்கிற பேசின எங்க வச்சீங்க?"

"ஓட்டைக்கு நேர் கீழ. நூல் பிடிச்ச மாதிரி."

"அப்ப சிந்தத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அன்றைய பாடம் அவ்வளவுதான்.

கொம்பையா இரவெல்லாம் யோசித்தார். பேசின் சின்னது என்று முடிவு செய்தார். குழந்தையைக் குளிப்பாட்டும் டப் ஒன்று வாங்கினார். அது காருக்கு அடியில் நுழையவில்லை.

பிறகு செய்தித்தாளை நான்கு அடுக்காக விரித்து, அதன்மேல் சாக்கு, அதன்மேல் மனைவியின் பழைய சேலை என்று ஒத்திகை பார்த்தார். சேலை பழையது இல்லை என்பது மனைவி வந்து பார்த்தபோது தெரிந்தது.

மறுநாள் மறுபடியும் பட்டறைக்குப் போனார். உறிஞ்சி எடுக்க மெஷின் ஏதாவது இருக்கிறதா, கையுறை எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆயில் மாற்றியே ஆக வேண்டும் என்றும், புது வீடு தேடும் தெம்பு தனக்கு இல்லை என்றும் சொன்னார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜெசிந்தா சொன்னாள்: "ஒரு டீ போடுங்க அண்ணாச்சி."

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கொம்பையா குவளையைத் தலைக்கு மேல் தூக்கினார். கிளாஸ் இடுப்புக்குக் கீழே போனது.

ஜெசிந்தா அவருடைய கீழ்க்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் கைய அசைக்காதீங்க. குவளைக்கு நேர் கீழ இருக்கட்டும்."

"அது எப்படி?"

"நூல் பிடிச்ச மாதிரி."

குருவின் சொல். கொம்பையா ஊற்றினார்.

பாதி டீ அவர் வேட்டியில். மீதி தரையில். கிளாஸில் ஒன்றும் இல்லை. இருபத்தைந்து வருடமாக இப்படித்தான் ஆற்றுகிறீரா என்று பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார்.

கொம்பையாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கையப் பிடிச்சு வச்சா எப்படி தாயி? குவளை எங்க இருந்தா நமக்கென்ன? டீ எங்க வருதோ அங்கல்லா கிளாஸ் போகணும். மொதல்ல தள்ளி விழும். குறையக் குறையக் கிட்ட வரும். கையும் அது கூடவே…"

நிறுத்தினார்.

குவளையை அப்படியே வைத்துவிட்டு, எதிரே நின்ற லாரியின் அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தார். கொம்பையா பழைய பேசினை ஓட்டைக்கு ஒரு சாண் தள்ளி வைத்தார். போல்ட்டை எடுத்ததும் ஆயில் எட்டிப் பாய்ந்து பேசினுக்குள் விழுந்தது. அது இளைக்க இளைக்கப் பேசினை ஓட்டைக்குக் கிட்டே நகர்த்தினார். கடைசிச் சொட்டு வரைக்கும்.

வீட்டுக்காரம்மா குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சரி. அந்தப் பழைய ரெண்டு கறை?"

திங்கட்கிழமை காலையில் கொம்பையா பட்டறைக்கு ஓடினார். ஜெசிந்தா வாசலிலேயே நின்றிருந்தாள். வெள்ளைச் சட்டையின் கைப்பகுதியில், அன்றைக்குத் தெறித்த டீ பழுப்பாக அப்படியே இருந்தது.

"தாயி, கறைய எடுக்கிறது எப்படி?"

ஜெசிந்தா கையை நீட்டிக் காட்டினாள்.

"அதக் கேக்கத்தான் நான் உங்க கடைக்குக் கிளம்பிட்டிருந்தேன் அண்ணாச்சி."