பித்தளைக் குவளை

பவானியில் ஓவியம் கற்றுக்கொடுத்துவந்த அமிர்தவல்லியிடம் நல்லசிவம் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. நல்லசிவம் தறி போட்டுப் பிழைத்து நாலு பேருக்கு வேலையும் கொடுத்தவர். யார் முன்னாலும் கைகட்டி நின்று பழக்கமில்லை.

அவருடைய மனைவி பாவாத்தாள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். இந்த வருஷம் தாண்டாது என்று வைத்தியர் கைவிரித்துவிட்டார். "போட்டோவெல்லாம் எனக்குப் புடிக்காது. முடிஞ்சா நீங்களே என்னை வரைஞ்சு குடுங்க" என்று அவள் ஒரு நாள் கேட்டாள். முப்பது வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

குருவோ அவர் முன்னால் பிடி வைத்த ஒரு பித்தளைக் குவளையை வைத்து வரையச் சொன்னார். மறுநாளும் அதே குவளை. சாயங்காலம் வந்து படத்தைப் பார்ப்பார், இரண்டாகக் கிழித்துப் போடுவார், போய்விடுவார். ஒரு மாதம் இப்படியே போயிற்று.

முப்பத்தோராம் படத்தையும் கிழித்தபோது நல்லசிவம் எழுந்து நின்றுவிட்டார். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை.

"ஏனுங்கம்மா, அங்க என்ற பொண்டாட்டி சாகக் கெடக்கறா. நான் இங்க குவளைக்கு மை தீட்டிட்டு இருக்கறேன். உங்களுக்கு மனசாட்சி இருக்குதுங்களா?"

"படத்துல பிடி எந்தப் பக்கம் போட்டீங்க?"

"வலது பக்கம்."

"குவளையில?"

நல்லசிவம் குவளையைப் பார்த்தார். பிடி கண்ணில் படவே இல்லை. அது பின்பக்கம் மறைந்திருந்தது.

"இப்பத் திருப்பி வெச்சிட்டீங்க!"

"காலையில நீங்க வர்றதுக்கு முந்தியே வெச்சேன். தெனமும் ஒவ்வொரு பக்கமாத் திருப்பித்தான் வெக்கறேன். நீங்க தெனமும் ஒரே படத்தைப் போடறீங்க."

"குவளைன்னா பிடி இருக்கும். அதைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கோணுமா? எனக்குக் குவளையே வேண்டாங்க. அவ மொகம் வேணும். குடுங்க தாளை, இப்பவே வரையறேன்."

குரு தாளை நீட்டினார்.

நல்லசிவம் விறுவிறுவென்று வரைந்தார். ஒரு மாதத்தில் கை நன்றாகவே தேறியிருந்தது. வட்ட முகம், அகன்ற நெற்றி, நீண்ட புருவம். கடைசியாக ஏழு கல் மூக்குத்தியை வைத்துவிட்டு, எப்படி என்பதுபோல நிமிர்ந்தார்.

குரு வெகுநேரம் பார்த்தார். கிழிக்கவில்லை.

"மூக்குத்தி இந்தப் பக்கந்தான் குத்தியிருக்காங்களா?"

"என்ன கேள்விங்க இது? ஈரோட்டுல நானே வாங்கிக் குடுத்தது! முப்பது வருஷமா அவ கையில சோறு தின்னவனுங்க நான்!"

"எந்தப் பக்கம்?"

நல்லசிவம் வாயைத் திறந்தார். விரல் தன் மூக்கின் இடப்பக்கம் போயிற்று. பிறகு வலப்பக்கம் போயிற்று. அவள் சோறு போடுவதை நினைத்துப் பார்த்தார். தட்டு தெரிந்தது. கரண்டி பிடித்த கை தெரிந்தது. அதற்கு மேலே ஒன்றும் தெரியவில்லை.

அவமானமும் அவருக்குக் கோபமாகவே வந்தது.

"இதை மொத நாளே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? அவளுக்கு இருக்கறதே கொஞ்ச நாளு. அதுல ஒரு மாசத்தைப் பாழாக்கிட்டீங்களே! வயசுக்குக்கூட மரியாதை இல்லாம மனுசனை இப்பிடியா அலைக்கழிக்கறது?"

அமிர்தவல்லியின் குரல் அன்றைக்குத்தான் உயர்ந்தது.

"ஒரு மாசம் படத்தைக் கிழிச்சதுக்கு உங்களுக்கு இத்தனை ஆத்திரம் வருது. முப்பது வருஷமா நிமிர்ந்து பாக்காமயே தின்னுட்டு எந்திரிச்சுப் போனீங்களே, அந்தம்மா ஒரு நாளாவது தட்டைப் புடுங்கி எறிஞ்சாங்களா?"

நல்லசிவம் படத்தை மடித்து வைத்துவிட்டு, தாளையும் பென்சிலையும் பைக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"பென்சிலை இங்கயே வெச்சிட்டுப் போங்க" என்றார் குரு. "இன்னிக்குப் பாத்தாப் போதும்."