பந்திக்கு முன் ஒரு குறை

பிரதமர் அரங்கண்ணல் மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"சாமி, ஒரு அமைச்சரை நீக்கப்போறேன். உங்க ஆசி வேணும்."

மடத்துத் தலைவர் ஈசானத் தம்பிரான் அவரைவிடப் பத்து வயது இளையவர். தீட்சை கொடுத்த குரு என்பதால் அரங்கண்ணல் அவர் முன்னால் நின்றுகொண்டேதான் பேசுவார். நாட்டில் மற்ற எல்லோரும் அரங்கண்ணல் முன்னால் அப்படி நிற்பவர்கள்.

"யாரை?"

"வனத்துறை வெள்ளச்சியம்மாவை."

அரங்கண்ணலின் ஆட்சி சொந்தக் காலில் நிற்பது அல்ல. நாடாளுமன்றத்தில் பாதிப் பேர்கூட அவர் கட்சி இல்லை. மலைக் கட்சிக்காரர்கள் ஏழு பேர் கை தூக்குவதால் நாற்காலி தங்கியது. அந்த ஏழு பேருக்கும் தலைவி வெள்ளச்சி. போர் மூண்டு ஆற்றுக்கு அக்கரையில் எதிரி கூடாரம் அடித்த பிறகும், அமைச்சரவையில் அந்த அம்மாள் வாயைத் திறந்தால் ஒரு 'ஆனால்' வராமல் போகாது. அரங்கண்ணலுக்கு அது வேப்பங்காயாகக் கசந்தது.

"நாளைக்கு விடியக்காலைல படை ஆத்தைக் கடக்கணும், சாமி. எல்லா அமைச்சரும் சரின்னுட்டாங்க. இவங்க மட்டும் வெள்ளம் வடியட்டும்ங்கறாங்க."

"வடியாதா?"

"வடியும். அதுக்குள்ள எதிரிக்குத் துணைக்கு ஆள் வந்துட்டா?"

"அந்த அம்மா விலகினா உங்க ஆட்சி நிக்குமா?"

"கோதண்டம் கட்சி வருது. பன்னெண்டு பேர். நான் எது சொன்னாலும் சரிங்கறவங்க." சொல்லும்போதே அரங்கண்ணலுக்கு முகம் மலர்ந்தது. எதிர்த்துப் பேசாத பெரும்பான்மை என்பதை அவர் இதுவரை கனவில்தான் கண்டிருக்கிறார்.

"ஆத்துல எத்தனை பேர் எறங்கறாங்க?"

"மூவாயிரம் பேர்."

தம்பிரான் எழுந்தார். "சாப்பிட்டுட்டுப் பேசுவோம்."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தி போடுவதற்கு முன் சடையாண்டித் தம்பிரான் என்பவர் எல்லாப் பண்டத்திலும் ஒரு வாய் ருசி பார்த்து, ஒரு குறையாவது சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் இலை விழும். குழம்பில் புளி தூக்கல், கூட்டு குழைந்துவிட்டது, ஒன்றுமே அகப்படாவிட்டால் அப்பளம் சிறுத்துவிட்டது. அவர் தலையைக் கண்டாலே சமையல்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். ஒவ்வொரு முறையும் அரங்கண்ணல் இந்தக் கூத்தைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார்.

இன்றைக்கு ஈசானத் தம்பிரான் அடுக்களைக்குள் போனார். சற்றைக்கெல்லாம் சடையாண்டி வெளியே வந்து தோட்டத்துப் பக்கம் நடந்தார்.

"அவர் எங்க போறாரு, சாமி?"

"இன்னைக்கு ருசி பார்க்க வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். ஒரு தொல்லை விட்டுச்சு."

அரங்கண்ணலுக்கு ஆச்சரியமாக இருந்தது. வழக்கத்தை லேசில் விடுகிற மனிதர் இல்லையே இவர்? மேலே கேட்க நாக்கு துறுதுறுத்தது. ஆனால் பசி முந்திக்கொண்டது.

சோறு, குழம்பு, ரசம் எல்லாம் ஒழுங்காகவே வந்தன. கடைசியில் ஈசானத் தம்பிரானே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, வரிசையாக எல்லா இலையிலும் பாயசம் விட்டார்.

அரங்கண்ணல் வழித்து வாயில் வைத்தார். நாக்கு சுருண்டுகொண்டது. ஒரே உப்பு.

பக்கத்தில் பார்த்தார். தம்பிரான்மார் எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் வழித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாயசம் எப்படி?" என்று கேட்டார் குரு.

"அருமை, சாமி" என்றார் முதல் இலைக்காரர்.

"பதமா இருக்கு, சாமி" என்றார் அடுத்தவர்.

கேள்வி அரங்கண்ணலிடம் வந்தது.

"அமிர்தம், சாமி."

"இன்னும் கொஞ்சம்?"

"ஊத்துங்க, சாமி."

நாட்டின் பிரதமர் கண்ணில் நீர் கோக்க அதையும் சாப்பிட்டு முடித்தார்.

கை கழுவும் இடத்தில் குரு செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். "இப்ப யாரும் இல்லை. நெசமா எப்படி இருந்துச்சு?"

"உப்பு, சாமி. வாயில வைக்க முடியல."

"நான்தான் போட்டேன், ரெண்டு கை அள்ளி. பந்தியில ஏன் சொல்லல?"

"எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. அதுவும் நீங்க உங்க கையால விட்டது. எப்படிச் சொல்றது?"

சொன்ன வாய் மூடுவதற்குள் அவருக்கு நேற்றைய அமைச்சரவைக் கூட்டம் நினைவுக்கு வந்தது. படம் வரைந்து, படை ஆற்றின் எந்தத் துறையில் இறங்குவது என்று அவரே கோல் வைத்துக் காட்டினார். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார். வெள்ளச்சியைத் தவிர எல்லோரும் டீ கிளாசையே பார்த்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சரி என்றார்கள். அப்போது அவருக்கு அது பெருமையாக இருந்தது. இப்போது பயமாக இருந்தது.

வாயைக் கொப்பளித்துத் துப்பினார். கரிப்பு போகவில்லை.

"என்ன இருந்தாலும், ஒரு வேளைப் பாயசம்தானே, சாமி" என்றார், சமாளித்துக்கொண்டு.

"ஆமா, பாயசம்தான். அண்டாவைக் கவுத்துட்டு வேற வெச்சுக்கலாம்." தம்பிரான் செம்பைக் கீழே வைத்தார். "ஆத்துல எறக்கினவங்களை என்ன செய்வீங்க?"